டாக்டர் சண்முகவடிவு அம்மாள் வழுக்கி விழுந்த முற்றம்

தலைமை வகிக்கும் வன்னியபெருமாள் அண்ணாச்சி அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் வர்த்தக சங்கத்துப் பெரியவர்களே! உப்பளத்திலும் கடற்கரையிலும் வேலையைப் போட்டுவிட்டு வந்து, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் சகோதரர்களே! அந்தப் படுதாவுக்குப் பின்னால் அமர்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எழுதிக் கொண்டுவந்த இரங்கல் உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். மேடைக் கூச்சம் என்று நினைக்க வேண்டாம். ஐந்து வருஷம் டாக்டர் சண்முகவடிவு அம்மாளின் உதவி டாக்டராக வேலை பார்த்தவன் நான். அவருடைய இரங்கல் கூட்டத்தில் எனக்குத் துக்கம் இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் அதற்கு மேலே வேறொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. பயம். அம்மையார் கண்ணை மூடிய நாள் முதல் எனக்கு ஒரே பயமாக இருக்கிறது. அது என்ன பயம் என்று சொல்லத்தான் இங்கே எழுந்து நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் அம்மையாரைத் தெய்வம் என்றார்கள். தாய் என்றார்கள். கைராசிக்காரர் என்றார்கள். எல்லாம் சரி! ஆனால் அவர் எதனால் செத்தார் என்று ஒருவராவது சொன்னீர்களா? காலன் கொண்டுபோனான் என்கிறீர்கள். இறைவன் அழைத்துக்கொண்டான் என்கிறீர்கள். ஒரு டாக்டர் செத்தால், என்ன வியாதி என்று கேட்க வேண்டாமா?

நான் சொல்கிறேன். எலும்பு ஒடிந்து செத்தார். நின்ற உயரத்திலிருந்து ஒரு முறை வழுக்கி உட்கார்ந்தார். தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. மாடியிலிருந்து விழவில்லை. வண்டி ஏறவில்லை. வழுக்கி உட்கார்ந்தார், அவ்வளவுதான். பிறகு கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது, காய்ச்சல் வந்தது, போய்விட்டார். ஐம்பத்தாறு வயது. இதே ஊரில் அறுபது வயதுக் கிழவிகள் தலையில் மீன் கூடையோடு கடற்கரையில் வழுக்கி விழுகிறார்கள். எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, இரண்டு வசவு வைதுவிட்டுப் போகிறார்கள். அம்மையாருக்கு மட்டும் ஏன் ஒடிந்தது?

இந்தக் கேள்விக்கு நம் தெருக்கள் ஒரு பதிலைக் கண்டுபிடித்திருக்கின்றன. உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "எல்லாருக்கும் மீன் எண்ணெய் குடிங்க குடிங்கன்னாங்களே, தானும் தெனம் குடிச்சாங்களே, கடசீல அவங்க இடுப்பே ஒடிஞ்சு போச்சே!" இதுதான் பதில். அம்மையாரை அடக்கம் செய்த மறுநாள் காலை நான் வைத்தியசாலைக்கு நடந்து வந்தேன். தெருச் சாக்கடையில் எண்ணெய் மிதந்தது. வீட்டு வீட்டுக்கு நாங்கள் கொடுத்திருந்த சுறா எண்ணெய்! போத்தல் போத்தலாகக் கவிழ்த்திருந்தார்கள். காக்கைகள் கூடி நின்றன. அன்றைக்கு இந்தப் பயம் இரட்டிப்பானது.

அவையோரே, அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் வந்ததும் சீமையிலிருந்து காட் மீனின் ஈரல் எண்ணெய் வருவது நின்றது. வைத்தியசாலையில் இருந்த கடைசிப் போத்தலும் தீர்ந்தது. அம்மையார் ஒரு நாள் வேலை முடிந்ததும் நேரே கடற்கரைக்குப் போனார். நானும் கூடப் போனேன். வள்ளத்தை மணலில் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார் வள்ளக்காரர் சிலுவை. அவர் இந்தக் கூட்டத்தில்தான் எங்கோ நிற்கிறார்.

"சிலுவை, இது என்ன எண்ணெய்?"

"சுறா ஈரல காய்ச்சினது டாக்டரம்மா. மூக்கப் பொத்திக்கிடுங்க."

"எனக்கு ஈரல் வேணும். அன்னன்னைக்குப் பிடிச்சது, அழுகாம."

"எதுக்கு? உங்களுக்கு வள்ளம் இருக்கா?"

"பொம்பளைங்களுக்குக் குடிக்கக் கொடுக்கணும்."

சிலுவை பூசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அம்மாவுக்குத் தலையில் வெயில் ஏறிவிட்டதா என்று கண்ணாலேயே கேட்டார். "வள்ளத்துக்குப் பூசுறதப் பொம்பளைக்குப் புகட்டப் போறீங்களா? மாதாவே!"

"ஏன்யா பூசுதீரு இத?"

"மரம் உளுக்காம இருக்கத்தான்."

"அவங்க ஒடம்புலயும் மரம் உளுத்துத்தான் போச்சு. ஈரலக் கொடும்."

அப்படி வந்தது அந்த எண்ணெய். எங்கள் பின்கட்டில் ஈரலை ஆவியில் வேகவைத்து, வடித்து, துணியில் வடிகட்டி, போத்தலில் அடைத்தோம். நாற்றத்தில் நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அம்மையார் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு கிண்டினார். வருகிற நோயாளிகளுக்கு முன்னால் முதல் கரண்டியைத் தானே குடித்துக் காட்டினார். அந்தக் கரண்டிதான் இன்றைக்கு அவர்மேல் குற்றமாகிவிட்டது!

எலும்பு உளுக்குமா என்று கேட்பீர்கள். உளுக்கும். எலும்பு கல் அல்ல. உயிருள்ள பொருள். வீட்டுச் சுவரைப் போல, ஒரு பக்கம் தினமும் கொஞ்சம் உதிர்ந்துகொண்டிருக்கும். இன்னொரு பக்கம் தினமும் கொஞ்சம் பூசிக்கொண்டிருக்கும். பூசுவதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சாப்பாட்டில் இருந்து அதை எடுத்து எலும்பில் சேர்க்க வெயில் வேண்டும். அல்லது வெயிலுக்குப் பதிலாக இந்த எண்ணெய் வேண்டும். எலும்புக்கு வேலையும் வேண்டும். நடக்காத காலின் எலும்புக்கு உடம்பு செலவு செய்யாது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல மூன்று நிமிஷம் ஆகிறது. இது தெரியாமல் நம் ஊரில் எத்தனை பெண்கள் குனிந்தார்கள், ஒடிந்தார்கள், செத்தார்கள்!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்தவற்றைச் சொல்லட்டுமா? ஒரு பெண் இருமினாள். விலா எலும்பு முறிந்தது. ஒரு பெண் தண்ணீர்த் தவலையைத் தூக்கினாள், முதுகில் நறுக்கென்றது, அன்றிலிருந்து தரையைப் பார்த்தே நடக்கிறாள். வீட்டார் என்ன சொன்னார்கள்? வாதம் என்றார்கள். வாயு என்றார்கள். சோம்பேறித்தனம் என்று சொன்ன புருஷனும் உண்டு! "உக்காந்தா எந்திரிக்க மாட்டா டாக்டரே, அவ்வளவு கொழுப்பு" என்று அவன் என்னிடமே சொன்னான். கொழுப்பு அல்ல ஐயா. அவளுக்கு எழுந்திருக்க எலும்பு இல்லை.

இதில் ஒன்றைக் கவனித்தவர் டாக்டர் சண்முகவடிவு அம்மாள். இப்படி வருகிறவர்கள் யார் யார்? உப்பளத்தில் வேலை செய்கிற பெண் பசியோடு வந்தாள். கண் எரிச்சலோடு வந்தாள். கால் வெடிப்போடு வந்தாள். இடுப்பு எலும்பு கரைந்து வரவில்லை. பனங்காட்டில் பதனீர்க் குடம் சுமக்கிற பெண் அப்படி வரவில்லை. மீன் விற்கிறவள் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் காரை வீட்டுப் பெண்கள். மெத்தை வீட்டுப் பெண்கள். இந்த மேடையில் இருக்கிறவர்களின் வீட்டுப் பெண்கள்!

கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் கேளுங்கள். நம்மில் பலருடைய தாத்தா செம்மணல் தேரிக் காட்டிலிருந்து கருப்பட்டிச் சிப்பத்தைத் தலையில் சுமந்து இந்த ஊருக்கு வந்தவர். பாட்டி அவருக்குப் பக்கத்தில் இன்னொரு சிப்பத்தோடு நடந்து வந்தாள். நாம் கடை வைத்தோம். கடை பெருகியது. வீடு கட்டினோம். பணம் வந்ததை ஊருக்கு எப்படிக் காட்டுவது? பெண்களை உள்ளே போட்டுக் காட்டினோம்! நம் வீட்டுப் பெண் வெயில் பார்க்க மாட்டாள் என்பது நமக்குப் பெருமை. நம் வீட்டில் கேப்பை கிண்ட மாட்டார்கள், தீட்டிய அரிசிச் சோறுதான் என்பது பெருமை. நம் வீட்டில் மீன் வாசம் வராது என்பது பெருமையிலும் பெருமை. அந்தப் பெருமைகள் ஒவ்வொன்றும் அவர்கள் எலும்பிலிருந்து எடுத்த சுண்ணாம்பு!

அம்மையார் இதை என்னைப் போல மேடையில் கத்தவில்லை. வீட்டுக்குள் போய், அடுக்களையில் உட்கார்ந்து சொன்னார். ஒரு பெரிய வீட்டில் நடந்ததை அவரே சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டம்மா எண்ணெய்ப் போத்தலைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாராம்.

"டாக்டரம்மா, என்ன காரியம் பண்ணுதீக? எங்க வீட்டு நடையில மீன் வாசம் ஏறி ரெண்டு தலைமுறை ஆச்சு!"

"அதுக்கு முந்தின தலைமுறையில உங்க வீட்ல என்ன வியாபாரம் தாயீ?"

அடுப்படியிலிருந்து ஒரு கிழவிதான் சொன்னாளாம்: "கருவாடு! ஏளா, கேக்காகல்ல, சொல்லேன். கொழும்புக்குக் கருவாடு ஏத்தித்தான இந்தச் செவரு எந்திரிச்சுது!"

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்த வீட்டில் மருமகள்கள் எண்ணெய் குடித்தார்கள்.

எல்லா வீட்டிலும் சிரிப்பு வேலை செய்யவில்லை. வேலை செய்யாத இடங்களில் அம்மையார் வேறு வழி பார்த்தார். மீன் வேண்டாமா, முருங்கைக் கீரை தின்னுங்கள். எள் தின்னுங்கள். பாலும் மோரும் ஆண்பிள்ளைக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். பதனீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோமே, அந்தப் பதனீர் குடியுங்கள். அது ஒன்றும் கீழான பண்டம் அல்ல. எது முடியாவிட்டாலும் காலையில் முற்றத்து வெயிலில் கையையும் காலையும் நீட்டி உட்காருங்கள். அதற்குக் காசு உண்டா? சாதி உண்டா? சைவம் அசைவம் உண்டா?

பலன் இருந்ததா என்று கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு ஆளைச் சொல்கிறேன். முத்தையாபுரம் சாலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ராமர் அண்ணாச்சியின் சம்சாரம் ஆறுமுகத்தாய். கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொடையைத் தொட்டால் அலறுவார். எண்ணெய், கீரை, காலை வெயில். முதலில் கட்டிலை விட்டு இறங்கினார். பிறகு சுவரைப் பிடித்து நடந்தார். அந்த அம்மா இன்றைக்கு எப்படி இந்தக் கூட்டத்துக்கு வந்தார் தெரியுமா? படுதாவுக்குப் பின்னால்தான் இருக்கிறார். தாயே, நீங்களே சொல்லுங்கள்.

கேட்டீர்களா? கேட்காதவர்களுக்கு நான் திருப்பிச் சொல்கிறேன். "நடந்துதான் வந்தேன், வேணும்னா நடந்து காட்டுதேன், படுதாவ எடுங்க" என்கிறார்! கை தட்ட வேண்டாம், இது இரங்கல் கூட்டம். ஆனால் அந்தக் குரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அம்மையாருக்கு ஏன் ஒடிந்தது? அந்த எண்ணெய் அவரை ஏன் காப்பாற்றவில்லை? இந்தக் கேள்வியை நான் விட்டுவிட்டுப் போக முடியாது. விட்டால், அந்தச் சாக்கடைதான் ஜெயிக்கும்.

டாக்டர் சண்முகவடிவு அம்மாள் இந்த ஊரில்தான் பிறந்தார். சடங்கான அன்றைக்கு உள்ளறைக்குள் போனார். கலியாணமாகி இன்னொரு உள்ளறைக்குப் போனார். புருஷன் செத்து, முடங்கிக் கிடக்க மூன்றாவது உள்ளறை கிடைத்தது. அவருடைய அண்ணன் ஒருவர் ஊர்ப் பேச்சை உதறிவிட்டுப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்பினாரே, அதுவரைக்கும் அவர் வெயிலைப் பார்த்தது ஜன்னல் கம்பி அளவுதான். பத்து வருஷத்துக்கு மேல்! எலும்பு வளர்ந்து தடிக்க வேண்டிய வயது அதுதான். உடம்பு தன் ஆயுளுக்கெல்லாம் சேர்த்துவைக்க வேண்டியதை அப்போதுதான் சேர்க்கும். அவருக்குச் சேரவில்லை. வயதான பெண்களுக்கு, மாதவிலக்கு நின்ற பிறகு, எலும்பு இன்னும் வேகமாகக் கரைகிறது. கரைவதற்கு அவரிடம் என்ன இருந்தது?

அவருக்கு இது தெரியும். போன வருஷம் பாளையங்கோட்டையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என்னைக் கூப்பிட்டார். நல்ல எலும்பு படத்தில் சாக்கட்டி போல வெள்ளையாக விழும். அவருடைய முதுகெலும்பு புகை மாதிரி இருந்தது. அவர் சொன்னார்: "பாத்துக்கோ தம்பி. எண்ணெய் குடிச்சா இருக்கிறத நிறுத்தி வைக்கலாம். இல்லாதத எங்கேயிருந்து கொண்டாரது? அதனாலதான் சின்னப் பிள்ளைங்க வீட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கேன்." அந்த முதுகெலும்போடுதான் அவர் தினமும் தெருத் தெருவாக நடந்தார். சுறா எண்ணெய் அவரைக் கொல்லவில்லை! நாலு வருஷம் முன்னாலேயே விழுந்து ஒடிந்திருக்க வேண்டியவரை அது தூக்கி நிறுத்தியது. அவரைக் கொன்றவை அந்த உள்ளறைகள்.

அவர் விழுந்த இடத்தையும் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் அறிந்த விஷயம். மேடையில் மட்டும் யாரும் சொல்லவில்லை.

யுத்தத்தின்போது இருட்டடிப்பு உத்தரவு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போடுவான் என்று ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்றார்கள். வீட்டு நடு முற்றத்தைத் தகரம் போட்டு மூடினோம். எல்லோரும் மூடினோம். குண்டு விழவில்லை. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஏழை வீட்டில் தகரத்தை மறுநாளே எடுத்துக் கூரைக்குப் போட்டுக்கொண்டான். பெரிய வீடுகளில் எடுக்கவில்லை. ஏன்? பக்கத்து மாடியிலிருந்து பார்த்தால் பெண்கள் தெரிவார்கள், அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் மிச்சமிருந்த ஒரு சதுரம் வெயில், அதையும் பறித்துவிட்டோம்! வெயில் படாத முற்றத்தில் பாசி பிடித்தது.

அப்படியொரு முற்றத்தில்தான் டாக்டர் சண்முகவடிவு அம்மாள் வழுக்கி விழுந்தார். அது நம் தலைவர் வன்னியபெருமாள் அண்ணாச்சி அவர்களின் வீட்டு முற்றம்.

சங்கக் காரியதரிசி கிருபாநிதி அவர்கள் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். குடும்ப விஷயம் மேடையில் வேண்டாம் என்கிறார். ஐயா, சட்டை கிழிந்தால் வேறு வாங்கிக்கொள்வேன், விடுங்கள். நான் அண்ணாச்சியைக் குற்றவாளியாக்க வரவில்லை. விழுந்தவரைத் தன் கையால் தூக்கிக் காரில் ஏற்றியவர் அவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். இந்தக் கூட்டத்தைக் கூட்டியதும் அவர்தான். அவர் நல்லவர். நல்லவர் என்பதால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. கெட்டவனிடம் சண்டை போடலாம்.

அம்மையார் அந்த வீட்டுக்கு எதற்காகப் போனார்? அண்ணாச்சியின் மருமகள் பகவதியைப் பார்க்க. பத்தொன்பது வயது. தலைப்பிள்ளை. எட்டாம் மாதம். கலியாணமாகி வந்ததிலிருந்து அந்தத் தகரத்துக்குக் கீழே இருக்கிற பெண். வாத்து மாதிரி அசைந்து அசைந்து நடக்கிறாள் என்று வீட்டில் சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: இடுப்பு எலும்பு மெழுகாகி உள்பக்கம் மடங்கியிருக்கிறது. பிள்ளை வரும் வழி அடைபட்டிருக்கிறது. இந்தப் பெண்ணுக்குப் பிள்ளை தானாகப் பிறக்காது. வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும். வலி வருவதற்கு முன்பே பாளையங்கோட்டையில் கொண்டுபோய்ப் படுக்கவைக்க வேண்டும்.

இதற்கு என்ன அர்த்தம் என்று ஆண்பிள்ளைகளுக்குத் தெரியாது. வலி வரும். கர்ப்பப்பை பிள்ளையைத் தள்ளும். பிள்ளை எலும்பில் முட்டி நிற்கும். மறுபடியும் தள்ளும். வழி கிடையாது. தள்ளித் தள்ளிக் கடைசியில் கர்ப்பப்பை கிழியும். நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். கூப்பிட்டுவிட்டார்கள் என்று நானும் அம்மையாரும் ஓடினோம். எல்லாம் முடிகிற நேரத்தில்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பெண் கடைசி வரைக்கும் நினைவோடு இருந்தாள். இதற்கு மேல் இங்கே சொல்ல மாட்டேன்.

அம்மையார் அண்ணாச்சி வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனது இதைச் சொல்லத்தான். அண்ணாச்சியின் மனைவி இசக்கித்தாய் அம்மாள் சொன்னார்: "எட்டாம் மாசம் வயித்துப் பிள்ளைக்காரிய வாசப்படி தாண்ட விடுவாகளா டாக்டரம்மா? ஒம்பது பொறக்கட்டும், பாப்போம்." நம் ஊர் வழக்கம். ஏழில் அனுப்புவோம், ஒன்பதில் அனுப்புவோம். எட்டில் அனுப்ப மாட்டோம். அன்றைக்கு அம்மையார் திரும்பி வரும்போதுதான் வழுக்கி விழுந்தார்.

விழுந்ததும் என்ன ஆயிற்று? வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில், அவளைப் பார்க்க வந்த டாக்டரே விழுந்து, செத்தும் போனார். அபசகுனம்! கதவு இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது. எண்ணெய் நின்றது. படுக்கையில் கிடந்த அம்மையார் கேட்டதெல்லாம் ஒன்றுதான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "பகவதியக் கொண்டுபோயாச்சா?" காய்ச்சலில் என்னை யாரென்று தெரியாதபோதும் கேட்டார். "இல்லை" என்றேன். "கொண்டுபோயிரு" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

நான் போனேன். ஒரு தடவை அல்ல. நான் ஆண். உள்ளறைக்கு ஆண் டாக்டர் வரக்கூடாது. "பொம்பள டாக்டர் இருந்தா அனுப்புங்க தம்பி" என்று நடையிலிருந்தே பதில் வந்தது. இருந்த ஒரு பெண் டாக்டரையும் புதைத்துவிட்டு, பெண் டாக்டரை அனுப்பு என்கிறீர்களே, நான் எங்கே போவேன்? எங்கள் வைத்தியசாலை நர்ஸ் பேபியை அனுப்பினேன். உள்ளே விடவில்லை. கொல்லைப்புற ஜன்னல் வழியாகப் பேபி பகவதியிடம் பேசியிருக்கிறாள். இன்று மத்தியானம். பகவதி சொன்னாளாம்: "அக்கா, பொரண்டு படுக்க முடியல. அடிவயிறு இழுத்து இழுத்து விடுது. அத்தைட்ட சொன்னா, எட்டுல வலி வராது, சூடுதான்னு சொல்லுதாக. நான் செத்துருவேனாக்கா?"

அண்ணாச்சி! எனக்கு இருக்கிற பயம் இதுதான். அடிவயிறு இழுப்பது சூடாக இருக்கலாம். வலியின் தொடக்கமாகவும் இருக்கலாம். இங்கே மேடையில் நின்று சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. அம்மையார் செத்ததற்கு அழுகிறோமே, அவர் எதற்காக அந்தப் பாசியில் கால் வைத்தாரோ அந்தப் பெண் இன்னும் உயிரோடு இருக்கிறாள். இப்போது, இந்த நிமிஷம், உயிரோடு இருக்கிறாள். நாம் அவளுக்காகக் கூடவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் அவளுக்கும் இதே மண்டபத்தில் மாலை வாங்கிவைத்து, மகராசி என்று பேசப் போகிறோமா? நீங்கள் தலைமை வகிப்பீர்களா? நான் இரங்கல் உரை பேசட்டுமா?

இரங்கல் கூட்டத்தில் கடைசியில் சபதம் எடுக்க வேண்டும். மறைந்தவரின் பணியைத் தொடருவோம் என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வைத்தியசாலையின் பின்கட்டில் ஈரல் வேகும். சிலுவையிடம் பேசிவிட்டேன். எந்த வீடு எண்ணெயைக் கவிழ்த்ததோ அந்த வீட்டுக்கே மறுபடி போத்தலோடு நர்ஸ் பேபி வருவாள். திட்டுங்கள், மறுநாளும் வருவாள். பெண் டாக்டர் வேண்டும் என்று சென்னைக்கு எழுதியிருக்கிறேன். வருகிறவரைக்கும், நான் நடையில் நின்று கேட்கிறேன், பேபி உள்ளே தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அதற்காவது கதவைத் திறங்கள். உங்கள் பெண் குழந்தைகள் வெயிலில் ஓடட்டும். கறுத்துப் போனால் போகட்டும். ஐம்பது வயதில் வழுக்கி விழுந்தால் எழுந்து வைவார்கள்.

பகவதி விஷயத்தில் எனக்குச் சபதம் எடுக்க நேரமில்லை. வெளியே வாடகைக் கார் நிற்கிறது. பின் இருக்கையில் மெத்தை விரித்திருக்கிறது. பேபி அதில் உட்கார்ந்திருக்கிறாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தந்தி கொடுத்தாகிவிட்டது. அண்ணாச்சியின் அனுமதி இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. ஆண்பிள்ளை இல்லாத நேரத்தில் திறக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இவ்வளவு பேர் முன்னால் கேட்கிறேன். மரியாதைக் குறைவாக நினைத்தாலும் சரி. வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு எட்டாம் மாதத்தில் பிள்ளை வரக்கூடாது என்று தெரியும். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு வழக்கம் தெரியுமா?

எல்லோரும் எழுந்து இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. நிற்கலாம். ஆனால் அண்ணாச்சி, நீங்கள்...

அமைதி. அமைதியாக இருங்கள். அண்ணாச்சி எழுந்திருக்கிறார். ஏதோ சொல்கிறார். சகோதரர்களே, சத்தம் போடாதீர்கள், எனக்கே கேட்கவில்லை.

"பேசினது போதும்யா" என்கிறார். "வண்டி எங்கன நிக்கு? இசக்கித்தாய்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்கிறார்.

கீழ் வாசலில் நிற்கிறது அண்ணாச்சி. கீழே விழுந்த துண்டு கிடக்கட்டும், வாருங்கள்.

பெரியோர்களே, மன்னிக்க வேண்டும். என் உரை முடிந்தது. அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் கொஞ்சம் விலகுங்கள். நடுவில் யாரும் நிற்காதீர்கள். வழி விடுங்கள்! வழி விடுங்கள்!